தண்டவாளத்துக்கு நடுவே கண்ணாடி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். பிள்ளைக்கு முன்பல் விழுந்த போட்டோ பார்த்தோம். சிரித்தால் அந்த வயதில் நீ இருந்தது போலவே இருக்கிறது. பாவம், பிள்ளை என்ன செய்யும்!

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். வீட்டில் பேச முடியாது, உன் அத்தான் பக்கத்து அறையில் இருப்பார். நான் பார்த்துக்கொள்ளும் மருந்துக் கடையிலிருந்து பேசலாம் என்று நம்பரை அழுத்துவேன். நீ "என்னக்கா" என்று கேட்டதும் அழுகை முந்திக்கொள்ளும் என்று வைத்துவிடுவேன். மதியம் கடைக்கு ஆள் வராத நேரத்தில் இதை எழுதுகிறேன்.

தண்டவாளத்துக்கு நடுவில் சோலார் பலகை பதிக்கும் அவர் வேலை உனக்குத் தெரியும். ஸ்டேஷன் விளக்கெல்லாம் அந்தக் கரண்டில் முதன்முதலாக எரிந்தபோது, "பாத்தியா, சும்மா கெடந்த எடம்!" என்று அத்தனை பேர் நடுவில் என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணத்தன்றுகூட அப்படிப் பிடித்ததில்லை.

அது நிலைக்கவில்லை. வண்டி பிரேக் போடும்போது உதிரும் இரும்புத் தூளும் எண்ணெயும் புழுதியும் பலகை மேல் படிந்தன. இன்று கழுவினால் நாளைக்கே மறுபடி மங்கல். படுத்த வாக்கில் கிடந்ததால் வெயிலையும் சரியாக வாங்கவில்லை. வண்டி அதிர்ந்து அதிர்ந்து உள்ளுக்குள் மயிரிழை போல விரிசல். ஜல்லியைச் சரிசெய்ய வேண்டுமென்றால் பலகைகளைக் கழற்றி ஓரம் வைத்து, வேலை முடிந்ததும் மறுபடி மாட்ட வேண்டும். லைன் ஆட்கள் சலித்துக்கொண்டார்கள். "இன்னும் கொஞ்சம் சரி பண்ணிட்டா போதும்" என்பார் இவர். தூக்கத்திலும் அதையே சொல்வார்.

மழைக்காலத்தில்தான் அது நடந்தது. லைன் ஆட்களில் ஒருவரைப் பாட்டுக்காரர் என்பார்கள். வேலை செய்யும்போதெல்லாம் பாடிக்கொண்டே இருப்பாராம். அன்று பலகை கழற்றிக்கொண்டிருந்தார்கள். வண்டி வருகிறது என்று விசில் ஊதியதும் எல்லோரும் ஓரம் ஓடினார்கள். பாட்டுக்காரர் கால் வைத்தது ஈரக் கண்ணாடி மேல். வழுக்கி விழுந்தவர் எழுந்திருப்பதற்குள் வண்டி வந்துவிட்டது.

உன் அத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். "ஒரு விபத்து" என்று மட்டும்தான் போனில் உன்னிடம் சொன்னேன்.

விசாரணையில் அவர் மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். திட்டத்தையும் நிறுத்திவிட்டார்கள். தப்பு என்று சொல்லி நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவருக்கு மனம் ஆறியிருக்கும்.

நாங்கள் பாட்டுக்காரர் வீட்டுக்குப் போனோம். ஒற்றை அறை. கொடியில் அவர் சட்டை அப்படியே தொங்கியது. அவர் மனைவி எங்களைத் திட்டவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். பிறகு, "அதுல கரண்டு நெறைய வந்துச்சா சார்?" என்று கேட்டாள். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், தம்பி. உன் அத்தான் டம்ளரைக் கீழே வைத்தார். "பெருசா ஒண்ணும் இல்லம்மா" என்றார். அவள் தலையை ஆட்டிக்கொண்டு டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவராகப் பேசுவது நின்றுவிட்டது. காலையில் ஒரு துணியை எடுத்துக்கொண்டு லைனுக்குப் போகிறார். இன்னும் அகற்றாத பலகைகளைத் துடைக்கிறார். ஒயரெல்லாம் துண்டித்தாயிற்று, துடைத்து என்ன ஆகப்போகிறது?

ரயில்வே கேட்டில் வேலை பார்க்கும் அம்மாள் இருமல் மருந்து கேட்டுக் கடைக்கு வந்தாள். வாங்கிய பிறகும் நின்றாள். "வண்டிச் சத்தம் கேட்டா யாரா இருந்தாலும் தள்ளிப் போவாங்க. சார் தொடைக்கறத நிறுத்திட்டு அப்படியே பாத்துக்கிட்டு நிக்கறாரு. நேத்து நாந்தான் கையப் பிடிச்சு இழுத்தேன். கொஞ்சம் பாத்துக்கங்கம்மா" என்றாள். அவளுக்கு இருமலே இல்லை என்று பிறகுதான் உறைத்தது.

அதிலிருந்து மகளைக் காலேஜுக்கு அனுப்பவில்லை. அப்பாவுக்கு உதவியாக இரு என்று கூடவே அனுப்புகிறேன். எதற்கெடுத்தாலும் குறுக்குக் கேள்வி கேட்கிறவள், இதற்கு மட்டும் ஏன் என்று கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறாள். வீட்டில் இருந்த மாத்திரை டப்பாவையும் கடைக்கே கொண்டுவந்துவிட்டேன். டாக்டரிடம் போகலாம் என்றால், "எனக்கு என்ன கொறச்சல்?" என்கிறார்.

உங்கள் இருவருக்கும் நடந்த சண்டையை நான் மறக்கவில்லை. "மாடியெல்லாம் வெறுமனே காயுது, மிதிபடற எடத்துல போயி ஏன் கண்ணாடியப் பதிக்கறீங்க?" என்று நீ கேட்டாய். ரோட்டில் பதித்தால் லாரி ஏறி நொறுங்கும், தண்டவாளத்தில் மட்டும் தாங்குமா என்றாய். அவர் சாப்பிட்ட தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். நீ சொன்னது சரிதான். சரியாக இருந்து யாருக்கு என்ன மிச்சம்?

போன வாரம் அவராக வாய் திறந்தது உன்னைப் பற்றித்தான். "உன் தம்பி அப்பவே சொன்னான்ல?" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வேலையை அடுத்த ஆளிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்புகிறவர் போலச் சொன்னார், தம்பி.

நீ வா. லீவு இல்லை என்று சொல்லாதே. வந்து அந்தப் பழைய பேச்சை எடுக்காதே. அவர் பக்கத்தில் உட்கார்ந்திரு, போதும். உன் வீட்டு மாடியில் பலகை போட வேண்டும், வந்து பார்த்துக் கொடுங்கள் அத்தான் என்று பொய் சொல்லியாவது கூட்டிக்கொண்டு போ.

உன் குடும்பம் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்கட்டும். எந்த வண்டியில் வருகிறாய் என்று கடை நம்பருக்குச் சொல். ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். அவரை அனுப்ப மாட்டேன்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அக்கா