சக்கர நாற்காலி வேண்டாம்

அம்பிட்டிய
25.07.1996

அன்புள்ள மகன் தவராசாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஒருவரோடொருவர் சண்டை பிடிக்கிற அளவுக்குச் சுகமாக இருக்கிறோம், கத்தாரில் நீயும் நோய்நொடியில்லாமல் இருக்கக் கதிர்காமத்தானை வேண்டிக்கொள்கிறேன்.

அப்பா விழுந்ததைக் கேள்விப்பட்டு ஹலீம் நானா கடைக்கு டெலிபோன் எடுத்தாயாம், இனி அவரை நடக்க விடவேண்டாம், சக்கர நாற்காலி அனுப்புகிறேன் என்று சொன்னாயாம். உன் பாசம் எனக்கு விளங்குகிறது, ஆனால் அனுப்பாதே. அதில் ஒருமுறை உட்கார்ந்தால் பிறகு எழுந்திருக்கமாட்டார், அவரை எனக்குத் தெரியும். பாரிசவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மரக்கட்டை மாதிரிக் கிடந்த இடது காலை இவ்வளவு தூரம் கொண்டுவந்தது நடைதான். விழுந்ததற்குக் காரணம் நாங்கள் நடந்த விதம். நடை பழக்குகிற மிஸ் என்னிடம் படித்துப் படித்துச் சொன்னார், பலமில்லாத பக்கம் ஒட்டியே வாங்க, இடுப்பில ஒரு கை இருக்கட்டும் என்று. வீட்டுக்குள்ளும் முற்றத்திலும் அப்படித்தான் நடந்தோம். அன்றைக்குத்தான் முதல்முதலாக ரோட்டுக்கு இறங்கினோம். எதிரே சனம் வந்ததும் அவர் என் கையைத் தட்டிவிட்டார், நானும் என்னையறியாமல் பின்னால் போய்விட்டேன். கல்யாணமான நாளிலிருந்து கோயிலுக்கானாலும் சந்தைக்கானாலும் அவர் முன்னால், நான் பின்னால் என்றுதானே போயிருக்கிறோம். கால் இடறி இடப்பக்கம் சாய்ந்தபோது அந்தப் பக்கம் ஆளில்லை. முழங்கையில் தோல் உரிந்தது, படம் எடுத்துப் பார்த்துவிட்டோம், எலும்புக்கு ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு கட்டிலைவிட்டு இறங்கமாட்டேன் என்று பிடிவாதம். பொஞ்சாதி இடுப்பைப் பிடிச்சு நடத்திக்கிட்டுப் போனா ஊரு என்ன பேசும் என்றார். ஊரு வந்து உங்களைக் கக்கூசுக்குக் கூட்டிட்டுப் போகுமா என்று கேட்டேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மறுநாள் காலையில் தானாகவே, அலுமாரியிலிருந்த பழைய பெல்ட்டை எடுத்துச் சாரத்துக்கு மேல் கட்டச் சொல்லி, பிடிக்கிறதுன்னா இதைப் பிடி என்றார். இப்போது தினமும் பக்கத்தில் பக்கத்தில்தான் போகிறோம். மாப்பிள்ளையும் பொண்ணும் எங்க பயணம் என்று ஹலீம் நானா கேலி செய்கிறார், அப்பா கேட்காதவர் மாதிரி நடக்கிறார். நேற்று பஸ் நிற்கிற இடம்வரை போய்த் திரும்பினோம். எனக்குப் பயமில்லை என்று நினைக்காதே மகனே. பயத்தை வைத்துக்கொண்டுதான் நடக்கிறேன், நிறுத்துவதாக இல்லை.

ஏதாவது அனுப்பத்தான் வேண்டுமென்றால் வழுக்காத சப்பாத்து அனுப்பு, நாடா கட்டுவது வேண்டாம், ஒட்டுகிற பட்டி வைத்தது. எனக்கும் ஒரு சோடி, ரப்பர் செருப்போடு இந்த இறக்கத்தில் அவரைத் தாங்க முடியவில்லை. நீ வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தலையை மூடிக்கொண்டு போ. எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு.

கால் அளவு தாளின் பின்பக்கம் இருக்கிறது, பார்க்க மறந்துவிடாதே. பெரியது அவருடையது, நான் வரைந்தேன். என்னுடையதை அவர் வரைந்தார். புருஷன் பெண்சாதி காலடியில் உட்காருவதா, வேண்டாம் என்றேன். காலை ஆட்டாம வை புள்ள என்று சொல்லிக் நான் உட்கார்ந்திருந்த கதிரையைப் பிடித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். கோடு நெளிந்திருக்கும், அளவு சரி. முடிந்ததும் தூக்கிவிடக் கை நீட்டினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, தானே எழுந்து நின்றார்.

இப்படிக்கு,
உன் அம்மா
வடிவம்மா