மாத்திரைக்குப் போக மீதி

மந்தாரக்குப்பம்,
12.8.1979

அன்புள்ள பேச்சியம்மாளுக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? அம்மாவுக்கு இருமல் குறைந்ததா? இந்த மாதம் மணியார்டர் ஏன் குறைந்தது என்று யோசித்திருப்பாய். பயப்படாதே, சொல்கிறேன்.

போன மாதம் டீக்கடையில் வலிப்பு வந்து விழுந்துவிட்டேன். வலிப்புக்கு இரும்பு நல்லது என்று கடைக்காரர் தனகோட்டி தன் சாவிக்கொத்தை என் கையில் திணித்தாராம். நினைவு திரும்பியும் நான் அதை விடவில்லையாம். "சாவியக் குடுங்க, கடையப் பூட்டிக்கினு நான் வூட்டுக்குப் போவணும்ல" என்று அவர் கெஞ்சியதைச் சொல்லிச் சொல்லி எல்லோரும் சிரிக்கிறார்கள்.

மூன்று வருஷம் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும் என்கிறார் டாக்டர். சுரங்கத்தில் பர்மனென்ட் ஆட்களுக்கு அது கம்பெனி ஆஸ்பத்திரியில் சும்மா கிடைக்கும். நான் கான்ட்ராக்ட், கடையில்தான் வாங்க வேண்டும். உனக்கு முழுப் பணமும் அனுப்ப ஆசைப்பட்டுப் பாதிப் பாதியாகச் சாப்பிட்டேன், மறுபடி விழுந்தேன். டாக்டர் திட்டியது போதும், நீயும் திட்டாதே. பணத்துக்காக உன் காதுத் தோட்டை அடகு வைக்காதே. தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம், எனக்கு வலிப்பு என்று யாரிடமும் மூச்சு விடாதே.

ஊரிலிருந்து யாராவது வந்தால் பழைய போர்வை ஒன்றும் கொஞ்சம் பருப்புப் பொடியும் கொடுத்தனுப்பு. நீ அனுப்புவதாகச் சொன்ன கைக்கடிகாரம் வேண்டாம், திருட்டுப் போய்விடும். கூடத் தங்கியிருக்கும் ராஜாங்கம் நைட் ஷிப்டு போகிற நாட்களில் நான் கதவைத் தாழ்ப்பாள் போடாமல்தான் படுக்கிறேன். விழுந்தால் யாராவது உள்ளே வர வேண்டுமே.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

மருதமுத்து