பேனலில் விளைந்த உப்பு

என்னங்க,

உப்பளக் கூட்டத்தில் தண்ணீர் இறைக்க உங்கள் டீசல் எஞ்சின் வேண்டாம், எல்லாருக்கும் பொதுவாகச் சோலார் பம்பு போதும் என்று நான் கைதூக்கியதையும், அன்றே நீங்கள் பைக்கை எடுத்துக்கொண்டு கீழ்புத்துப்பட்டில் உங்கள் அக்கா வீட்டுக்குப் போனதையும் பற்றி எழுதப்போவதில்லை. நேற்று நடந்ததைச் சொல்கிறேன்.

சோலார் பேனலில் தூசி என்று பக்கத்துப் பாத்தி மலர்கொடி அக்கா பாத்தியின் உப்புத் தண்ணீரையே ஊற்றிக் கழுவிவிட்டார். மதியத்துக்குள் பேனல் முழுக்க வெள்ளையாக உப்பு பூத்துப் பம்பு நின்றுவிட்டது.

"இதுலயும் உப்பு விளையுதேடி, வாரிடலாமா?" என்று அவரே சிரித்தார். பிறகு, "உன் வூட்டுக்காரர் எஞ்சினைத்தான் கொண்டாயேன்" என்றார்.

நான் வீட்டுக்குப் போய்க் குடிதண்ணீர்க் குடத்தைத் தூக்கிவந்தேன். கழுவியதும் பம்பு ஓடியது.

உங்கள் எஞ்சினைத் துடைத்து மூடிவைத்திருக்கிறேன். இந்தப் பம்புக்குச் சத்தமே இல்லை. ரோட்டிலிருந்து திரும்புகிற ஒவ்வொரு பைக்கும் பாத்திவரை கேட்கிறது. ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து பார்க்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி