எல்லோரும் வேண்டாம் என்கிற வீடு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் சித்தி சுகம், உன் தம்பி நெட்டையன் சுகம், பூட்டுக்கடையும் சுகம். என் ரத்த அழுத்தம் மட்டும்தான் சுகமில்லை. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்கிறார். உப்பு என்னம்மா செய்தது பாவம், என் ரத்தத்தைக் கொதிக்க வைப்பது நீ, உன் சித்தி, நெட்டையன் மூன்று பேரும்தான். போனில் சொல்லலாம் என்றால் நீ "அப்பா, மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்" என்கிறாய், இல்லாவிட்டால் குழந்தை போனைப் பிடுங்கிக்கொண்டு என் மூக்கைப் பார்த்துச் சிரிக்கிறது. அதனால் கடையில் ஆள் வராத நேரமாகப் பார்த்து உட்கார்ந்து எழுதுகிறேன். பேசினால் குறுக்கே பேசுவாய், கடிதத்தில் அது நடக்காது. முழுக்கப் படி.

நீ அனுப்பிய தாள் வந்து சேர்ந்தது. வீட்டில் உனக்குள்ள பங்கை எனக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதி, கையெழுத்துப் போட்டு, அங்கேயே முத்திரையும் குத்தி, பளபளவென்று ஒரு உறையில் போட்டு அனுப்பியிருக்கிறாய். பெரிய மனசு தாயே உனக்கு. அனுப்பும் முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? உயில் எழுதப்போகிறேன், நீ என்ன நினைக்கிறாய் என்றுதான் நான் கேட்டேன். நீ நினைப்பதைச் சொல்லச் சொன்னால் சொத்தைத் தூக்கி மூஞ்சியில் எறிந்துவிட்டாய். எறிந்தாய் என்று சொல்வது உனக்குச் சுடும், தெரியும். ஆனால் இங்கே அது அப்படித்தான் வந்து விழுந்தது, எப்படி என்று சொல்கிறேன்.

எனக்கு ஏன் திடீரென்று உயில் ஞாபகம் வந்தது என்று கேட்டாய் அல்லவா, உடம்புக்கு ஏதாவது மறைக்கிறேனோ என்று மாப்பிள்ளை வேறு தனியாகப் போன் செய்து நெட்டையனிடம் விசாரித்தாராம். உடம்புக்கு ஒன்றுமில்லை. போன மாதம் நம் கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் வாசல் பூட்டை மாற்ற வேண்டும் என்று ஒருவர் கூப்பிட்டார். போனேன். வீட்டுக்காரர் சமீபத்தில்தான் காலமாகியிருந்தார். மகனும் மகளும் வாசலில் காரில் ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே ஒரு அம்மா, என் வயதுதான் இருக்கும், எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தார். பழைய பூட்டைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது மெதுவாக வந்து நின்று, "எனக்கும் ஒரு சாவி போடுவீங்கல்ல? நான் சாயங்காலம் கடைக்குப் போயிட்டு வரணும்" என்று கேட்டார். இதென்ன கேள்வி என்று நான் காரைப் பார்த்தேன். அந்த மகன் கண்ணாடியை இறக்கி, "ரெண்டு சாவி போதும்" என்றான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த அம்மா இறந்தவரின் இரண்டாம் மனைவி, அவர்களுக்குச் சித்தி. இறந்த மனிதர் ஒரு தாளிலும் அவர் பெயரை எழுதிவைக்கவில்லை, பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டார். இந்தக் கதவுக்குச் சரியான அளவுப் பூட்டு என்னிடம் இல்லை என்று சொல்லி, பழையதையே திரும்ப மாட்டிவிட்டு, திருகாணிகளைப் பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டேன். நான் மாட்டாவிட்டால் ஊரில் வேறு ஆள் இல்லையா? அடுத்த வாரம் அந்தப் பக்கம் போனால் கதவில் புதுப் பூட்டு, ஜன்னலில் திரை இல்லை. அந்த அம்மா எங்கே போனார் என்று யாரைக் கேட்பது?

அன்றைக்குத்தான் உயில் எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். நீ அந்த மகன் மாதிரி இல்லை, எனக்குத் தெரியாதா. உன்னைப் பற்றி எனக்கு ஒரு நாளும் பயமில்லை. எனக்குப் பயம் உன் சித்தியைப் பற்றித்தான். அவளை யாரும் வெளியே தள்ள வேண்டாம், தானே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். இந்த வீட்டை நானும் உன் அம்மாவும் சேர்ந்து வாங்கினோம், இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. உன் அம்மா போன பிறகு அவள் பாதி உனக்கும் எனக்கும் வந்தது. அப்போது உனக்கு ஆறு வயது. உன் சித்தி வந்தபோது உனக்கு எட்டு. அன்றிலிருந்து இன்றுவரை அவள் இந்த வீட்டில் குடித்தனக்காரி மாதிரிதான் இருக்கிறாள். சுவரில் ஒரு ஆணி அடிக்க வேண்டுமென்றால்கூட "அடிச்சுக்கட்டுமா?" என்று என்னிடம் கேட்பாள். நம் வீட்டு ஆணி, நம் வீட்டுச் சுவர், அடித்துத் தொலையேன் என்று கத்தினால், சுத்தியலை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். உயில் பேச்சை எடுத்ததும் என்ன சொன்னாள் தெரியுமா? "நீங்க போயிட்டா நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். இது அந்தப் பொண்ணோட அம்மா வாங்கின வீடு. நாலு பேர் என்னைப் பார்த்துப் பேசக்கூடாது." தங்கச்சி வீட்டில் இடம் எங்கே இருக்கிறது? அவர்கள் துணி காயப்போடும் அறையில் ஒரு கட்டில் போடலாம், அவ்வளவுதான். முட்டிவலியோடு மாடி ஏறி இறங்க வேண்டும். அதையெல்லாம் யோசித்து வைத்திருக்கிறாள், எந்தப் பெட்டியை எடுத்துப்போவது என்றுகூட. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

சரி, வீட்டில் பேசினால் ஆகாது என்று அவளையும் நெட்டையனையும் இழுத்துக்கொண்டு வக்கீலம்மாவிடம் போனேன். கெட்டிக்காரி, நம் கடை வாடிக்கைதான், மேசை இழுப்பறைச் சாவியை அடிக்கடி தொலைப்பார். அவர் பொறுமையாக உன் சித்தியைப் பார்த்து, "உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்கம்மா" என்று கேட்டார். இவள் முந்தானையைத் திருகிக்கொண்டு "எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்றாள். தம்பியைக் கேட்டார். அந்த நெட்டையன், ஆள்தான் வளர்ந்திருக்கிறான், "அக்காவுக்கே குடுத்துடுங்க, நான் சம்பாதிச்சுக்குவேன்" என்கிறான். சம்பாதிக்கிற லட்சணத்தைத்தான் பார்க்கிறேனே, செருப்பு அறுந்தால் அம்மாவிடம் வந்து நிற்கிறான். அந்த நேரம் பார்த்து உனக்குப் போன் போட்டால், ஸ்பீக்கரில் நீயும் "எல்லாம் சித்திக்கே எழுதிடுங்கப்பா, எனக்கு எதுவும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எனக்கு எனக்குன்னு அடிச்சுக்கிட்டு வர்றவங்களைத் தினமும் பார்க்கிறேன். வேண்டாம் வேண்டாம்னு அடிச்சுக்கிறவங்களை இப்பத்தான் பார்க்கிறேன். வீட்டை என்ன, தெருவுல போற பூனைக்கா எழுதறது?" என்றார். நெட்டையன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே வந்து தலையில் அடித்துக்கொண்டேன்.

இன்னொரு கூத்தும் கேள். அதே ஜோரில் பாங்குக்குப் போய், என் சேமிப்புக்கு எனக்குப் பின் யார் பெயர் இருக்கிறது என்று கேட்டால், அங்கே இருந்த பெண் கணினியைப் பார்த்து உன் அம்மா பெயரைச் சொல்கிறாள். "அவங்களைக் கூட்டிட்டு வர முடியுமா சார்?" என்று வேறு கேட்டாள். ஊரார் வீட்டுக் கதவையெல்லாம் பூட்டித் திறக்கிறவன், என் வீட்டு விஷயம் இந்த லட்சணம். அதை மாற்றி உன் சித்தி பெயரைப் போட்டாகிவிட்டது. அதற்கும் அவள் "எதுக்கு" என்றாள். எதுக்கு என்று கேட்டால் இனி நான் பேசமாட்டேன் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினேன்.

இப்போது உன் தாளுக்கு வருகிறேன். அது வந்த அன்று நான் கடையில் இருந்தேன். உன் சித்திதான் வாங்கினாள். உன் கையெழுத்தைப் பார்த்ததும் குழந்தை போட்டோ அனுப்பியிருக்கிறாய் என்று நினைத்து, கையைத் துடைத்துக்கொண்டு பிரித்தாளாம். நான் வந்தபோது விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். தாள் மடியில். என்ன என்று கேட்டேன், நீட்டினாள். படித்துவிட்டு, என் புத்தி எனக்கு, "அப்பாடா, வக்கீலம்மா வேலை சுலபமாச்சு, உனக்கே முழுக்க எழுதிடறேன்" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு எழுத்தும் நான் கூட்டவில்லை. "நான் வந்த புதுசுல அவ இப்படித்தான் தட்டைத் தள்ளிட்டு வேண்டாம்னு சொல்வா. பசி இல்லாம இல்ல, கோபம். அப்ப பக்கத்துல உட்கார்ந்தா கொஞ்ச நேரத்துல சாப்பிட்டுடுவா. இப்ப என்ன கோபம்னு தெரியல, பக்கத்துல போய் உட்காரவும் முடியல." அவ்வளவுதான். எழுந்துபோய் விளக்கைப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள்.

உனக்குக் கோபமில்லை, அவள் நன்றாக இருக்கட்டும் என்றுதான் விட்டுக்கொடுத்தாய், எனக்குப் புரிகிறது. ஆனால் நீ வீடு வேண்டாம் என்றால், இனி இங்கே வரப்போவதில்லை, எங்களோடு ஒட்டும் வேண்டாம் உறவும் வேண்டாம் என்று அவளுக்குக் கேட்கிறது. நீ வேண்டாம் என்று சொன்ன வீட்டில் அவள் ஒரு நாள் இருக்கமாட்டாள். முழுக்க அவள் பெயரில் எழுதினால் மறுநாளே உனக்கு எழுதிவைத்துவிட்டுத் தங்கச்சி வீட்டுக்கு வண்டி ஏறுவாள், அவளும் உன்னை மாதிரிதான், பெற்றால்தான் ஜாடை வரும் என்றில்லை. உங்கள் இரண்டு பேர் பெருந்தன்மைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நான் நசுங்குகிறேன். ஒருத்தராவது கொஞ்சம் ஆசைப்பட்டுத் தொலையுங்களேன்.

வக்கீலம்மா ஒரு வழி சொல்லியிருக்கிறார். வீடு உனக்கும் தம்பிக்கும் சரிபாதி. ஆனால் உன் சித்தி உயிரோடு இருக்கும்வரை அவள் அங்கே இருப்பாள், அவளைக் கேட்காமல் யாரும் விற்கவோ வாடகைக்கு விடவோ முடியாது. கடை அவளுக்கு, நெட்டையன் சாவி ராவுகிற அரத்தைக் கையில் பிடித்தால் பிடிக்கட்டும், இல்லையென்றால் வாடகைக்கு விட்டு அவள் கைச்செலவை அவளே பார்த்துக்கொள்ளட்டும், யாரிடமும் போய் நிற்க வேண்டாம். 'என் மகளின் வீட்டில் என் உரிமையோடு இருக்கிறேன்' என்று அவளுக்குத் தோன்றினால் அவள் இருப்பாள். அதற்கு உன் பங்கு உன்னிடம் இருக்க வேண்டும். நீ அனுப்பிய தாள் இன்னும் பதிவாகவில்லை, கிழித்தால் வெறும் காகிதம் என்கிறார். நானே கிழித்திருப்பேன். உன் சித்திதான் பிடுங்கிக்கொண்டு, "அவ போட்ட கையெழுத்து. கிழிக்கறதா இருந்தா அவ கிழிக்கட்டும்" என்றாள். ஆகவே இதோடு அதையும் வைத்திருக்கிறேன்.

கிழித்துவிட்டு, எனக்குப் போன் செய்யாதே, அவளுக்குச் செய். நன்றி, தியாகம் என்றெல்லாம் பெரிய பேச்சுப் பேசாதே, அவளுக்கு அது பிடிக்காது, உடனே அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று வைத்துவிடுவாள். எனக்கு என் வீடு வேண்டும், அதில் நீங்கள் இருக்க வேண்டும், நான் வந்தால் தங்க எனக்கு இடம் வேண்டும் என்று கேள். சண்டை போடுவதுபோலக் கேட்டாலும் பரவாயில்லை.

குழந்தையின் சளி எப்படி இருக்கிறது? ஈரத் தலையோடு படுக்க விடாதே. மாப்பிள்ளைக்கு முதுகுவலி என்றாயே, நாற்காலியை மாற்றச் சொல். நீங்களும் உங்களுக்கு ஒரு உயில் எழுதிவையுங்கள், இளவயசு என்று சும்மா இருக்காதீர்கள், குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்றும் அதில் எழுதுங்கள். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், மனசுக்கு நிறைவாக நீண்ட நாள் வாழ வேண்டும்.

ஒன்று மறந்தேன். அந்த அம்மா விஷயத்துக்குப் பிறகு மனசு கேட்காமல் நம் வாசலுக்கும் புதுப் பூட்டு போட்டேன். நாலு சாவி வெட்டினேன். உன்னுடையதைத் தபாலில் அனுப்பலாம் என்று உறையில் போட்டிருந்தேன், காணவில்லை. தேடினால், உன் சித்தி முன்னறைச் சுவரில் புதிதாக ஒரு ஆணி அடித்து அதில் மாட்டியிருக்கிறாள். என்னைக் கேட்கவில்லை. "அனுப்பக்கூடாது. வந்து வாங்கிக்கட்டும்" என்றாள்.

இப்படிக்கு,
உன் வரவை நோக்கி,
அப்பா