தினமும் போடுவது

உன் அக்கா வீட்டில் இருக்கும் என் கோபக்காரிக்கு,

இன்றைக்குக் கடையில் ஐந்து பேருக்குச் சவரம் செய்தேன். ஒருத்தரைக்கூட முகமெல்லாம் நுரையோடு உட்காரவைத்துவிட்டுக் கழிப்பறைக்கு ஓடவில்லை. இரண்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

புது டாக்டரிடம் போனேன். வீட்டிலுள்ள மாத்திரைகளையெல்லாம் பையில் அள்ளிக்கொண்டு வரச் சொன்னார். அதில் பிரஷர் மாத்திரையை எடுத்துப் பார்த்தார்.

"இதைச் சாப்பிடுறதா இதுவரைக்கும் எந்த டாக்டர்கிட்டயும் சொல்லலையா?"

"அது மாத்திரை இல்லைங்க டாக்டர், தினமும் போடுறது" என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

சிலருக்கு அந்த மாத்திரையே குடலைக் கெடுத்து, தீராத குடல் நோய் மாதிரி ஆட்டிவைக்குமாம். அதை நிறுத்திவிட்டு வேறு கொடுத்தார். மூன்று வாரத்தில் வயிறு அடங்கிவிட்டது. இளைத்த உடம்பு தேறி, பெல்ட்டை ஒரு ஓட்டை தளர்த்தியிருக்கிறேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். உன் சமையல்தான் வயிற்றைக் கெடுக்கிறது என்று தட்டைத் தள்ளிவிட்டேனே. நீ போன மறுநாளிலிருந்து நானேதான் சமைத்துச் சாப்பிட்டேன். அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தேன். உன் கையில் குற்றமில்லை என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. அதை எழுத நாலு மாதம் ஆகியிருக்கிறது. இதற்கு மட்டும் எந்த மாத்திரை மேலும் பழி போட முடியாது.

செவ்வாய்க்கிழமை கடை லீவு. அங்கே வரலாமா? பஸ்ஸில் மூன்று மணி நேரம். இப்போது என்னால் நடுவழியில் இறங்காமல் வர முடியும்.

உன் பதிலுக்காக,
உன் வீட்டுக்காரன்