பன்னிரண்டாம் வாரத்திலிருந்து படி

மதுரையிலிருந்து கல்யாணமாகி அந்தமானுக்கு, இந்தப் புரோத்ராபூர் வீட்டுக்கு வந்து பத்து நாள்கூட ஆகாத என் பேரன் பெண்டாட்டி, நேற்றுச் சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்து, ஏதோ ஒரு விண்வெளித் தொடரை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது என்று அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். வருஷக்கணக்காக ஓடுகிற தொடராம். "முதல்லேர்ந்து பாரு, இல்லேன்னா ஒண்ணும் புரியாது" என்றான். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நான், "அதெல்லாம் வேண்டாம்மா, நடுவிலேர்ந்து பாரு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அது உன் வார்த்தை என்று உறைத்தது. நீ போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று உன் மகன் போனில் சொல்லி ஒரு மாதமாகிறது. நேற்றுத்தான் அழுதேன். வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டேன்.

மாயாபந்தரில் நம் இரண்டு குவார்ட்டர்ஸுக்கும் நடுவே ஒரே பலகைச் சுவர். உனக்கும் எனக்கும் ஒரே வயது. நீ இரண்டு வருஷம் முன்னால் வந்தவள், அவ்வளவுதான் உன் பெருமை. அந்த வரிசையில் மற்றவர்கள் பெங்காலி, தெலுங்கு, மலையாளம். எல்லோருக்கும் பொதுவாக உடைந்த ஹிந்தி. எனக்கு அதுவும் வராது. நான் வந்த மறுநாளே வாசலில் வந்து நின்று, "ஏடி புதுசு, கதை படிப்பியா?" என்று கேட்டாய்.

வாரப் பத்திரிகை நமக்கு வாரா வாரம் வராது. ஜஹாஸ் என்று அங்கே சொல்கிற கப்பல் வந்தால் நாலைந்து இதழ் ஒன்றாக வரும். அதில் நெடுநாளாக வந்துகொண்டிருந்த ஒரு தொடர்கதையை நீ கிழித்தெடுத்துக் கோணி ஊசியால் தைத்து வைத்திருந்தாய். பூமியை விட்டு வேறொரு கிரகத்தில் குடியேறப் போகிறவர்களின் கதை. நீ என்னிடம் கொடுத்த கட்டு பன்னிரண்டாம் வாரத்திலிருந்து தொடங்கியது.

"முதல் பதினொண்ணு எங்கடி?"

"அதுல ஒண்ணுமே இல்ல. ராக்கெட்டுக்கு ஆணி அடிச்சுக்கிட்டே இருப்பானுங்க. நீ நேரா இதுல ஏறு."

எனக்கு எரிச்சல். மோர்ச்சோற்றிலிருந்து யாராவது சாப்பாட்டைத் தொடங்குவார்களா? ஆனாலும் படித்தேன். பன்னிரண்டாம் வாரத்தில் ராக்கெட் ஏற்கெனவே பறந்துகொண்டிருந்தது. உள்ளே தண்ணீருக்குச் சண்டை, கீரைப் பாத்திக்குச் சண்டை, பக்கத்து அறைக்காரனின் குறட்டை. அப்படியே நம் குழாயடி. சாயங்காலமானால் ஒருத்தி படிப்பாள், ஒருத்தி கேட்பாள். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். ஊர் ஏக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

நாலு மாதம் கழித்து, நீ ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த ஒரு காலையில் உன் கோழிகளுக்கு நொய் எடுக்க டின்னைத் திறந்தேன். அடியில் அந்தப் பதினொரு வாரமும் இருந்தது. விடுவேனா? அங்கேயே உட்கார்ந்து முடித்தேன். ஆணி அடித்ததெல்லாம் இரண்டு பக்கம்தான். மீதி முழுக்க வழியனுப்புதல். கதாநாயகியின் அம்மா பொடி டப்பாவை மகள் கையில் திணித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். மதராஸ் துறைமுகத்தில் என் அம்மாவும் அப்படித்தான் நின்றாள். அன்றைக்கே இவரிடம், அடுத்த கப்பலுக்கு டிக்கெட் எடுங்கள், இல்லையென்றால் கடலில் குதிப்பேன் என்றேன். பாவம், எடுத்துக் கொடுத்துவிட்டார்.

டிக்கெட் விஷயம் தெரிந்து நீ ஓடி வந்து கத்தினாய். "யாரு உன்னய முன்னாடி உள்ளத படிக்கச் சொன்னா?"

"நீ ஏன் பொய் சொன்னே?"

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாய்: "உனக்கு முன்னால இந்த வீட்டுல ஒருத்தி இருந்தா. முதல்லேர்ந்து குடுத்தேன். படிச்சிட்டு அடுத்த ஜஹாஸ்ல மெயின்லேண்டுக்கு ஏறிப் போனவதான். எனக்கும் தமிழ்ல பேச ஒரு ஆளு வேணாமாடி?"

கடல் சரியில்லையென்று கப்பல் மூன்று வாரம் தள்ளி வந்தது. அது கிளம்பச் சங்கு ஊதியபோது நாம் குழாயடியில் வரிசையில் நின்றிருந்தோம். நீ என் முகத்தையே பார்த்தாய். "என்னடி பாக்குறே, குடத்த நகத்து" என்றேன். நீ நகர்த்தினாய். உனக்காகத்தான் இருந்தேன், வேறு எதற்காகவும் இல்லை. அதற்குப் பிறகு வந்த புதுப் பெண்களிடம் முதல் பதினொரு வாரத்தில் ஒன்றுமே இல்லை என்று நானும் சேர்ந்து புளுகினேன்.

எட்டு வருஷம் கழித்து உன் வீட்டுக்காரருக்குத் திருச்சியில் வேலை கிடைத்தது. நீ கிளம்பிய அன்று எனக்குக் கடும் காய்ச்சல் என்று சொல்லி இவரை மட்டும் கப்பல்துறைக்கு அனுப்பினேன். உன் மேல் அவ்வளவு கோபம். என்னை இருக்கச் சொன்னவள் நீ, விட்டுவிட்டுப் போகிறவளும் நீயா? கப்பல் ஏணியில் கால் வைக்கும்வரை நீ பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாயாம். "இன்னொரு தடவ போய்ப் பாருங்கண்ணா, எந்திரிச்சிருந்தா வந்துருவா" என்றாயாம்.

பிறகு எத்தனையோ கடிதம் எழுதினாய். அந்தக் காய்ச்சலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

நான் எழுந்துதான் இருந்தேனடி. சேலை மாற்றி, செருப்புப் போட்டு, கதவுக்கு உள்பக்கம், சங்கு ஊதி முடிகிற வரைக்கும் நின்றுகொண்டிருந்தேன்.