அரண்மனைக்கு மஞ்சள் ஆகாது

அக்கா,

என் உள்ளங்கை இன்னும் மஞ்சளாக இருக்கிறது. காலையில் உன் புடவைத் துண்டை அலசி, அரைத்த மஞ்சள் கரைத்த தண்ணீரில் முக்கி, பின்கட்டுக் கொடியில் காயப்போட்டேன். சோப்புப் போட்டுக் கழுவியும் கையிலிருந்து போகவில்லை. பேனா பிடித்த விரலிலிருந்து அந்த வாசம் எழுந்து காகிதத்தில் ஏறுகிறது. ராணிக்கு அந்த வாசம் வேண்டும். துண்டு வெளுத்தால் அவளுக்குக் கவலை இல்லை. வாசம் போனால் மட்டும் முகர்ந்து பார்த்து வீசி எறிந்துவிட்டு, என்னை ஏமாற்றுக்காரியைப் போலப் பார்க்கிறாள். அந்தப் பார்வை அப்படியே உன்னுடையது.

நீ பெயர் வைத்துவிட்டுப் போன உன் மகள் இப்போது நடக்கிறாள். விழுந்தால் அழுவதில்லை, தரையை அடிக்கிறாள்.

இத்தனை நாள் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. உயிரோடு இருந்தபோதே என் எழுத்தைக் கண்டால், "கோழி கெளறின மாதிரி இருக்கு, நீயே படிச்சுச் சொல்லு" என்பாய். இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை நாம் கோலகங்சார் அரண்மனைக்குப் போகிறோம். நாம் என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்த மனம் வரவில்லை.

சென்னையில் கல்லூரிப் படிப்பு முடித்த கையோடு கிராணிக்கு வாழ்க்கைப்பட்டு, சிம்பாங் பூலாய்ப் பக்கத்து இந்த ரப்பர் தோட்டத்துக்கு வந்தவள் நான். தோட்டத்துக் கணக்கு வழக்கு பார்ப்பவரைக் கிராணி என்பார்கள் என்பதே இங்கே வந்துதான் தெரியும். தம்பி என்று கூப்பிடும் எங்கள் மகன் பிறந்த பிறகு என் படிப்பெல்லாம் பயமாக மாறிவிட்டது. கொசு கடித்தால் மலேரியா, தும்மினால் நிமோனியா. சுகாதாரப் பாடத்தில் படித்த ஒவ்வொரு வியாதியும் அவன் தொட்டிலுக்கு அடியில் வந்து உட்கார்ந்திருக்கும். அன்றும் அப்படித்தான், அவன் விடாமல் அழுகிறான், நான் தொடப் பயந்து கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன். எங்கள் வேலிக்கு அப்பால் உன் பங்கு மரங்களின் நிரை. பால் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியைப் போட்டுவிட்டு வேலிக்குள் நுழைந்து வந்தாய். ரப்பர் பால் காய்ந்த புறங்கையை அவன் நெற்றியில் வைத்தாய்.

"சூடு ஒண்ணுமில்ல. ஒன் ஒடம்புதான் கொதிக்குது. மொதல்ல பயத்த எறக்கி வச்சுட்டுப் புள்ளையத் தூக்கு."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாய். கிராணி வீட்டம்மாவை 'ஒன்' என்று சொல்லிவிட்டோமே என்று. நான் அழுதுகொண்டே சிரித்தேன். அதற்குப் பிறகு நாலு பேர் முன்னால் நான் கிராணியம்மா, வேலியோரத்தில் தங்கச்சி. எனக்கு நீ எப்போதும் அக்கா.

அரண்மனை ஆசையை உனக்குள் போட்டது ஒரு மோட்டார் வண்டி. சுல்தானின் வண்டி பெரிய ரோட்டில் போகிறது என்று தோட்டத்து ஆட்களையெல்லாம் கொண்டுபோய் ஓரமாக நிறுத்தினார்கள். நீ தோளில் சுமந்த காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் பால் வாளி தொங்க, இறக்கி வைக்கக்கூட நேரமில்லாமல் போய் நின்றாயாம். வண்டி போன வேகத்தில் உள்ளே இருந்த முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. நீ கொடியைப் பார்த்தாய்.

"மஞ்சக் கொடி, தங்கச்சி. நல்ல கோயில் மஞ்சள். அவங்களும் நம்மள மாதிரி மஞ்சளுக்கு மரியாத குடுக்கறவங்கதான் போலருக்கு."

அன்றிலிருந்து அதே பேச்சு. கப்பலில் வந்து இறங்கிய குழந்தைப் பருவத்திலிருந்து நீ தோட்டத்துக் கூலியாட்கள் லயத்தின் ஒற்றை அறையைத் தவிர வேறு வீட்டில் படுத்ததில்லை. "ஒரு ஆளு படுக்க எத்தன ரூம்புதான் வேணும்? எண்ணிப் பாத்துட்டு வந்துடணும். எண்ணிட்டேன்னா மனசு ஆறிடும்" என்பாய். உன் வீட்டுக்காரர் மாரிமுத்து அண்ணன், "நீ எண்ணி முடிக்கறதுக்குள்ள பெரட்டுல பேரு கூப்பிட மணி அடிச்சிடுவான்" என்று கேலி செய்வார். எனக்கும் அந்த ஆசை தொற்றிக்கொண்டது. ஈப்போவில் ரயிலேறி, கோலகங்சாரில் இறங்கி, ஆற்றோரமாக நடந்து என்று இருவரும் வேலியில் சாய்ந்தபடியே போய்ப் போய் வந்தோம்.

துணிமூட்டைக்காரர் லயத்துக்கு வந்த நாளில் நீ அந்த மஞ்சள் புடவையை எடுத்தாய். சிவப்புக் கரை. என்னிடம் கொண்டுவந்து பிரிக்காமலே காட்டினாய். ராஜா வீட்டுக்குப் போகும்போது அவர்களுக்குப் பிடித்த நிறத்தில் போனால் அவர்கள் மனம் குளிருமென்று நீ நினைத்தாய். அதுதான் சரி என்று நானும் நினைத்தேன். நம் ஊரில் பிறந்த எவளும் அப்படித்தான் நினைத்திருப்பாள். கோயிலுக்கு மஞ்சள், கல்யாணத்துக்கு மஞ்சள், ராஜாவுக்கு மட்டும் வேறு என்ன?

அரண்மனைத் தோட்டக்காரர் எங்கள் வீட்டுக்காரரின் ஊர்க்காரர். தீபாவளிக்கு வந்தவரிடம் விஷயத்தைச் சொன்னோம். சுல்தான் வெளியூர் போயிருக்கும் நாளாகப் பார்த்து வெளி முற்றம் வரை கூட்டிப்போகிறேன் என்று ஒப்புக்கொண்டார். நீ லயத்துக்கு ஓடிப்போய்ப் புடவையை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாய். அவர் அதைத் தொடவில்லை.

"மஞ்சளா? தா போலே லா. கூடவே கூடாது. அது ராசா வீட்டு நெறம்மா. வேற யாரும் அத உடுத்திக்கிட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது. கொடகூட மஞ்சளா இருக்கக் கூடாது."

நீதான் கேட்டாய்.

"அப்ப தாலிக்கயித்த என்னண்ணே செய்யறது? அவுத்து வாசல்ல மாட்டிட்டுப் போவணுமா?"

எங்கள் வீட்டுக்காரருக்குக் காப்பி புரையேறிவிட்டது. தோட்டக்காரரும் சிரித்துவிட்டார். "அது ரவிக்கைக்குள்ள கெடக்கிறது. உள்ள கெடக்கிறத யாரு பாக்கப் போறா? கண்ணுக்குத் தெரியறதுக்குத்தான் சட்டமெல்லாம்."

"அப்படின்னா ராசாவுக்குத் தெரியாம எல்லாப் பொம்பளையும் மஞ்சளோடதான் போறோம்னு சொல்லுங்க."

எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு நீ புடவையை எடுத்து மடியில் வைத்து, மடிப்புக் கலையாமல் தடவிக்கொண்டிருந்தாய். என் கல்லூரி நாளைய நீலப் புடவையை உனக்குத் தருகிறேன் என்றேன். வாங்கிக்கொண்டாய். மஞ்சளைப் பற்றி, "வச்சுக்குவோம். இதக் கட்ட ஒரு நாளு வராமயா போயிடும்" என்றாய்.

அந்த வருஷக் கடைசியில் மழை பிடித்தது. பேராக் ஆறு கரையேறி ஊர் ஊராக விழுங்கிற்று. தண்டவாளம் தண்ணீருக்குள் போனது. ஆற்றங்கரை அரண்மனைக்குள்ளும் வெள்ளம் புகுந்துவிட்டது என்று தோட்டக்காரர் சொல்லியனுப்பினார். "பாவம், அத்தன ரூம்பையும் யாரு கழுவுவா" என்று நீ கவலைப்பட்டாய். ரயில் மறுபடி ஓடத் தொடங்கியபோது நீ மசக்கையில் வாந்தியெடுத்துக் கிடந்தாய். மேட்டில் புதிதாக ஒரு மர அரண்மனை எழுப்புகிறார்கள், மூங்கில் பின்னல் சுவராம், ஓர் ஆணிகூட அடிக்கவில்லையாம் என்று நான் வந்து சொன்னேன். "புள்ள பொறக்கட்டும், மூணு பேராப் போலாம். பொட்டப்புள்ளையா இருந்தா ராணின்னு பேரு. அப்புறம் எவன் அவகிட்ட மஞ்சக் கட்டாதங்கறான்னு பாப்போம்."

பெண்தான் பிறந்தாள். பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெஸர் வந்து பார்த்தார், ஈப்போவிலிருந்து டாக்டரும் வந்தார். காய்ச்சல் இறங்கவில்லை. உன் பக்கத்தில் ராணி பசித்துக் கத்துகிறாள். நான் அன்றைக்குத் தம்பி அழுதபோது நின்றதுபோலவே கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன். நீ கண்ணைத் திறந்து, உதடு காய்ந்த குரலில் அதையே சொன்னாய். "பயத்த எறக்கி வச்சுட்டுப் புள்ளையத் தூக்கு." தூக்கினேன். தம்பிக்கு நான் அப்போது பால் மறக்கடித்திருக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து அவளுக்குக் கொடுத்தேன். அவள் குடிப்பதை நீ பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு பார்க்கவில்லை.

லயத்துப் பெண்கள் உன்னைக் குளிப்பாட்டி முகத்துக்கு மஞ்சள் பூசினார்கள். "தாலியோட போறா மகராசி, மஞ்சப் பொடவதான் கட்டணும்" என்றார்கள். மாரிமுத்து அண்ணன் தகரப்பெட்டியைத் திறந்தார். கடை மடிப்புக் கலையாத அந்தப் புடவை மேலாகவே இருந்தது. அன்றைக்கு யாரும் தா போலே என்று சொல்லவில்லை, அக்கா. நீ அதைக் கட்டிக்கொண்டு போனாய். கட்டும்போது ஒருத்தி முந்தானை ஓரத்தில் ஒரு முழம் கிழித்து என் கையில் கொடுத்தாள். பிள்ளை தாயைத் தேடாமல் இருக்கத் தொட்டிலில் கட்டு என்றாள். அதுதான் இன்று கொடியில் காய்கிற துண்டு.

லயத்துப் பிள்ளைக்குக் கிராணி வீட்டில் பாலா என்று சிலர் பேசினார்கள். எங்கள் வீட்டுக்காரர், "பசிக்கிற வாய்க்கு எந்த வீடுன்னு தெரியுமா?" என்று கேட்டுவிட்டுத் தோட்டத்துக் கச்சேரிக்குக் கணக்கெழுதப் போய்விட்டார். அப்படியே வளர்ந்தாள்.

போன வாரம் மாரிமுத்து அண்ணன் வந்தார். படியேறாமல் கீழேயே நின்றார்.

"ஊர்லேர்ந்து ஆத்தா சொல்லி அனுப்பியிருக்கு, கிராணியம்மா. புள்ளையக் கொண்டாந்து விடச் சொல்லுது. எத்தன நாளைக்கு உங்க மடியிலயே கெடக்கும்?"

"எம்மடி ஒண்ணும் வலிக்கலியே, அண்ணே."

"அதுக்குச் சொல்லல. அது உங்கள அம்மாங்குது. நாளைக்கு வெவரம் தெரிஞ்சா எங்க நிக்கும்? லயத்துலயா, கிராணி வீட்டுலயா?"

அவர் அழுக்குத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னார். "பினாங்குல கப்பல். போற வழிதானே, கோலகங்சார்ல எறங்கி அந்த ராசா இஸ்தானாவக் காட்டிட்டுப் போலாம். அவ ஆசப்பட்டா."

இதுதான் நம் பயணம், அக்கா. காலையில் எல்லாரும் ஒன்றாக ரயிலேறுகிறோம். சாயங்காலம் கோலகங்சார் ஸ்டேஷனில் அவர்கள் இருவரும் வடக்கே போவார்கள், நாங்கள் தம்பியோடு தெற்கே திரும்புவோம். காய்ச்சி ஆறிய தண்ணீர், கஞ்சி, மாற்றுச் சட்டை, காய்ச்சல் மாத்திரை என்று எல்லாம் எடுத்துவைத்துவிட்டேன். மறுபடி எடுத்துப் பார்க்கிறேன். கப்பலில் இருமல் வந்தால் யார் கவனிப்பார்கள், வெந்நீர் யார் கேட்டு வாங்குவார்கள் என்று மாரிமுத்து அண்ணனிடம் பாடமாக ஒப்பித்திருக்கிறேன். அவரும் பொறுமையாகத் தலையாட்டுகிறார். நீலப் புடவையைத் துவைத்து மடித்தாயிற்று. உனக்குக் கொடுத்தது, நீ ஒருநாளும் கட்டாதது. அதை நான் கட்டிக்கொள்கிறேன்.

மிச்சம் இருப்பது இந்தத் துண்டு ஒன்றுதான். ராணி அதைக் கையை விட்டுக் கீழே வைப்பதில்லை. அதைப் பிடித்துக்கொண்டு அரண்மனை வாசலில் நிற்க முடியாது.

"ஒரு நாளைக்கு வீட்டுல விட்டுட்டுப் போலாமே" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"அது அவளோட போகணும்ங்க."

"அப்ப பெட்டியில போட்டு ஸ்டேஷன்ல வச்சிடலாம்."

"வாசம் இல்லன்னா முற்றத்துலயே கத்துவா."

அவர் யோசித்தார். எழுந்துபோய் விளக்கைத் திருத்தினார். எனக்குத்தான் திடீரென்று உன் குரல் கேட்டது. தாலிக்கயிற்றை என்ன செய்வது என்று நீ கேட்டதும், உள்ளே கிடப்பதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று தோட்டக்காரர் சொன்னதும்.

துண்டை நாலாக மடித்து, தாலியோடு சேர்த்து ரவிக்கைக்குள் வைத்துக்கொள்ளப் போகிறேன். ராணியை அதன்மேல் சாய்த்துத் தூக்கிக்கொள்வேன். அவளுக்கு வாசம் கிடைக்கும், அழமாட்டாள். மூங்கில் சுவரைப் பார்ப்போம். உள்ளே விடவில்லையென்றாலும் வெளியே நின்று ஜன்னலை வைத்து அறைகளை எண்ணுவேன். ஒன்று விடாமல் அவள் காதில் சொல்வேன். உனக்கு மனம் ஆறட்டும். என் மனம் ஆறாது.

ஸ்டேஷனில் அதை வெளியே எடுத்து அவள் கையில் கொடுத்துவிடுவேன். பயமாகத்தான் இருக்கிறது. நீ சொன்னபடி அதை இறக்கி வைக்கப் பார்த்தேன், முடியவில்லை. இந்தத் தடவை இறக்கி வைக்கவேண்டியது பிள்ளையைத்தான், அக்கா.

பகல் முழுக்க வெயில் இருக்கும், வியர்க்கும். இன்றைக்கு முக்கியது நன்றாகச் சாயம் விடும். விடட்டும். திரும்பி வந்து அந்த ரவிக்கையை நான் துவைக்கப்போவதில்லை.